சின்ன நாய்களுக்கான குளிர்கால கோட்: எங்கே பிசகுகிறது, எப்படிச் சரிசெய்வது

தைத்து முடித்த கோட்டை நாய்க்குப் போட்டதும் ஏதோ சரியில்லை என்று தெரிகிறது. எது என்று மட்டும் பிடிபடவில்லை. உடனே தையலைப் பிரிக்க உட்கார்ந்துவிடாதீர்கள். பிழை கண்ணில் படுகிற இடம் ஒன்றாகவும், அது கிளம்புகிற இடம் வேறொன்றாகவும் இருக்கும். அக்குளில் உராய்ந்தால் கோளாறு கழுத்தில் இருக்கலாம். பின்பக்கம் தூக்கிக்கொண்டால் வயிற்றுப் பட்டியைப் பார்க்க வேண்டியிருக்கலாம். முதலில் கோட்டோடு நாயைப் பத்து நிமிடம் நடக்க விடுங்கள், உட்கார விடுங்கள், படிக்கட்டு ஏற விடுங்கள். எங்கே துணி இழுபடுகிறது, எங்கே மடிகிறது என்று பார்த்துச் சாக்பீஸால் கோட்டின் மேலேயே குறித்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம்தான் கத்தரி.

இங்கே சொல்வதெல்லாம் ஏறக்குறைய 2 முதல் 10 கிலோ வரை எடையுள்ள நாய்களுக்கான எளிய கோட்டுக்கு. ஒரு முதுகுத் துண்டு. அதன் முன்முனைகள் இரண்டும் கழுத்தைச் சுற்றி வந்து மார்பில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டும். ஒரு வயிற்றுப் பட்டி; அது ஒரு பக்கம் தைக்கப்பட்டு மறுபக்கம் வெல்க்ரோவில் ஒட்டும்.

அளவை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்

நாய் நான்கு காலிலும் நிற்கும்போதுதான் அளக்க வேண்டும். உட்கார்ந்தால் முதுகு வளைந்து நீளம் மாறிவிடும். கழுத்தளவை, கழுத்துப்பட்டை தானாக வந்து தங்கும் அடிக்கழுத்தில் எடுங்கள். மார்பளவு முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால், மார்புக்கூடு மிக ஆழமாக இறங்கும் இடத்தில். முதுகு நீளம் அடிக்கழுத்திலிருந்து வாலடி வரை. வெட்டும்போது அதில் 2 செ.மீ. குறைத்துக்கொள்ளுங்கள். பலரும் விட்டுவிடும் அளவு ஒன்று இருக்கிறது: இரண்டு முன்னங்கால்களுக்கும் நடுவே உள்ள அகலம். ஆண் நாயானால் மார்பின் முன்முனையிலிருந்து சிறுநீர்க்குறி தொடங்கும் இடம் வரையும் அளந்து வையுங்கள்.

மெல்லிய ஃப்ளீஸ் (மெத்தென்ற பாலியெஸ்டர் பின்னல் துணி) கோட்டுக்குக் கழுத்தில் 2 செ.மீ., மார்பில் 4 செ.மீ. தளர்வு போதும். பஞ்சு வைத்துத் தைத்தால் போதாது. துணியின் தடிமன் 1 மி.மீ. கூடும்போது கோட்டின் உள்சுற்றளவு ஏறக்குறைய 6 மி.மீ. குறைகிறது. பஞ்சும் லைனிங்கும் (உள்துணி) சேர்ந்து 5 மி.மீ. தடிமன் என்றால் 3 செ.மீ. காணாமல் போய்விடும். மெல்லிய பழைய துணியில் வெட்டிப் பார்த்தபோது கச்சிதமாக இருந்தது, நிஜத் துணியில் மூச்சு முட்டுகிறது என்றால் பேட்டர்னைக் குறை சொல்ல வேண்டாம். விட்டுப்போனது இந்தக் கணக்குதான்.

கோட் ஒரு பக்கமாகச் சரிகிறது

கோட்டைக் கழற்றி, முதுகின் நடுக்கோட்டில் நீளவாக்கில் மடித்து மேசையில் விரியுங்கள். இரண்டு பாதியும் ஓரத்தோடு ஓரம் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் வெட்டியபோதே இழை சாய்ந்திருக்கிறது. ஃப்ளீஸ் நீளவாக்கைவிடக் குறுக்குவாக்கில் அதிகம் இழுபடும். அந்த இழுபடும் திசை உடலைச் சுற்றி வர வேண்டும், முதுகு நீளம் இழுபடாத திசையில் அமைய வேண்டும். துணி சாய்வாக வெட்டுப்பட்டிருந்தால் எந்தப் பட்டி போட்டும் நிற்காது. அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும்.

பாதிகள் பொருந்தினால் அடுத்துப் பட்டியைப் பாருங்கள். பட்டி, கோட்டின் ஓரத்துக்கு நேர்க்குத்தாகக் கிளம்ப வேண்டும். 1 செ.மீ. சாய்ந்து தைக்கப்பட்டிருந்தாலும், இறுக்கி ஒட்டும் ஒவ்வொரு முறையும் அது கோட்டை முறுக்கும். பிரித்து நேராகத் தையுங்கள். பட்டியில் எலாஸ்டிக் போட்டிருந்தால் அது எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று பாருங்கள். பட்டிக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், நான்கு நுழையக் கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் சரிகிறதா? அப்படியானால் லைனிங்தான். வழவழப்பான லைனிங் குட்டை முடி நாயின் முதுகில் பிடிமானமே இல்லாமல் வழுக்கும். சிவாவா, மினியேச்சர் பின்ஷர் போன்றவற்றுக்கு ஃப்ளீஸோ காட்டன் ஃபிளானலோ உள்ளே வையுங்கள். நீளமுடி நாய்க்கு இது அப்படியே தலைகீழ்: ஃப்ளீஸ் முடியைப் பிடித்து உருட்டிச் சடையாக்கும், வழவழப்பான லைனிங்தான் நல்லது. ஒரே பேட்டர்னை யார்க்‌ஷயர் டெரியருக்கும் பின்ஷருக்கும் தைத்தாலும் உள்துணி ஒன்றாக இருக்க முடியாது.

அக்குளில் முடி உதிர்கிறது, தோல் சிவக்கிறது

இதை மற்ற எல்லாவற்றையும்விட முதலில் கவனியுங்கள். நாய்க்கு வலிக்கிற பிழை இதுதான், ஆனால் முடி மறைத்துவிடுவதால் ஒரு வாரம் வரைகூட வெளியே தெரியாது. நடந்து வந்ததும் முன்னங்காலை மெல்லத் தூக்கி அக்குளை விரலால் தடவிப் பாருங்கள். முடி நுனிகள் உடைந்து சொரசொரப்பாக இருந்தாலோ, பட்டாணி அளவுச் சிக்கு தட்டுப்பட்டாலோ உராய்வு தொடங்கிவிட்டது. தோல் சிவந்திருந்தால் ஆறும்வரை கோட் வேண்டாம். புண்ணாகியிருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வயிற்றுப் பட்டியின் முன்னோரம் முன்னங்கால் முட்டிக்கு 2 முதல் 3 செ.மீ. பின்னால் இருக்க வேண்டும். நாய் நிற்கும்போது அந்த இடைவெளி இருந்து, நடந்த பிறகு இல்லாமல் போனால், கோட் முன்னோக்கி நகர்கிறது என்று பொருள். பெரும்பாலும் கழுத்து இறுக்கமாக இருக்கும். நாயின் கழுத்து தலைப்பக்கம் போகப்போகக் குறுகும். இறுகிய கழுத்துத் துணி தனக்கு வசதியான குறுகிய இடத்தைத் தேடி மேலே ஏறும்; ஏறும்போது கோட் முழுவதையும் இழுத்துக்கொண்டு போகும்; பட்டி அக்குளுக்குள் வந்து உட்காரும். இந்த நிலையில் பட்டியைப் பின்னால் நகர்த்தித் தைப்பது வீண் வேலை. மார்பு வெல்க்ரோவை 1.5 செ.மீ. தளர்த்திப் போட்டு மறுபடி நடக்க விடுங்கள். உராய்வு நின்றால் கழுத்தைத்தான் திருத்த வேண்டும்.

கழுத்து சரியாக இருந்தால் கால் வரும் குழியைக் கவனியுங்கள். ஓரம் காலைத் தொடும் இடத்தைச் சாக்பீஸால் குறித்து, அங்கே 1 செ.மீ. வளைவாக வெட்டுங்கள். ஒரேயடியாக 2 செ.மீ. வெட்டிவிடாதீர்கள், இரண்டு தவணையாக வெட்டிப் போட்டுப் பாருங்கள். ஓரம் முடிப்பதிலும் ஒரு தப்பு நடக்கிறது: மற்ற ஓரங்களுக்குப் போட்ட அதே தடித்த கிராஸ் பட்டியை (சாய்வாக வெட்டிய ஓரப்பட்டி) இங்கேயும் போடுவது. மடித்த பட்டி, வெளித்துணி, பஞ்சு, லைனிங் எல்லாம் சேர்ந்து அக்குளில் கயிறு மாதிரி ஆகிவிடும். குழியின் ஓரத்தில் 1 செ.மீ. அகலத்துக்குப் பஞ்சைக் கத்தரித்து எடுத்துவிட்டு, மெல்லிய ஃப்ளீஸ் துண்டால் ஒரே மடிப்பாக மூடுங்கள். ஃப்ளீஸில் பிசிறு வராது என்பதால் உள்பக்கம் மடிக்காமல் தட்டையாகவே விட்டுத் தைக்கலாம்.

போட்டதும் சிலை மாதிரி நிற்கிறது

துணியே பழகாத நாய் முதல் சில நாள் இப்படி நிற்பது உண்டு. ஆனால் கோட்டைத் தளர்த்தியதும் நடக்கத் தொடங்கினால் பழக்கம் காரணமில்லை, வெட்டு காரணம். மார்பில் ஒட்டும் முன்முனைகள் அகலமாக இருந்தால் தோள்பட்டை முன்னே வர இடமிருக்காது. முன்னங்கால்களுக்கு நடுவே எடுத்த அளவிலிருந்து பக்கத்துக்கு 1 செ.மீ. குறைத்து முன்முனையின் கீழ்ப்பகுதியை வெட்டுங்கள். பக் போன்ற அகல மார்பு நாய்க்கு நேர்மாறான சிக்கல் வரும்: முன்முனைகள் எட்டாமல் இழுத்து ஒட்ட வேண்டியிருக்கும். அதற்கு முன்முனையைத் தோளுக்குக் கீழே குறுக்காக வெட்டி 3 செ.மீ. இணைப்புத் துண்டு வைத்துத் தைப்பதே வழி. வெல்க்ரோவை ஓரத்துக்கு நகர்த்திச் சமாளித்தால் ஓடும்போது திறந்துகொள்ளும்.

எடையையும் பாருங்கள். 2 கிலோ நாய்க்கு ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் ஃப்ளீஸும் அதற்குள் பஞ்சும் பெரும் சுமை. 200 கிராம் ஃப்ளீஸோடு மெல்லிய லைனிங் வைத்தாலே போதுமான கதகதப்பு கிடைக்கும்.

பின்பக்கம் தூக்கிக்கொள்கிறது

காற்றில் மட்டும் தூக்கினால் பட்டி மிக முன்னால் இருக்கிறது. பட்டியின் பின்னோரத்திலிருந்து கோட்டின் முடிவு வரை உள்ள பகுதியைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. டாக்ஸ்ஹண்டுக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். முதுகு அவ்வளவு நீளம். பட்டியை அகலமாக்கலாம், அல்லது பின்மூலைகளில் 1 செ.மீ. அகல மென்மையான எலாஸ்டிக் வளையம் ஒவ்வொன்று வைத்துப் பின்தொடையைச் சுற்றி வரச் செய்யலாம். வளையம் தொங்கலாக இருக்கட்டும், தொடையை இறுக்க வேண்டாம்.

காற்றே இல்லாதபோதும் வாலடியில் துணி கூடாரம் மாதிரி நிற்கிறதா? முதுகு கீழ்நோக்கி வளையும் இடத்தில் தட்டைத் துணி வளைய மறுக்கிறது. பின்னோரத்திலிருந்து உள்ளே 5 செ.மீ. நீளம், ஓரத்தில் 1.5 செ.மீ. அகலமாக இரண்டு டாட் (முனை குறுகும் மடிப்புத் தையல்) பிடியுங்கள், நடுக்கோட்டிலிருந்து சம தூரத்தில். நடுவில் ஒரே டாட் பிடித்தால் வாலடியில் கூர்முனை வந்து குத்தும்.

வயிற்றுப் பட்டி சிறுநீரில் நனைகிறது

ஆண் நாய்க்குப் பட்டியின் பின்னோரம் சிறுநீர்க்குறிக்குக் குறைந்தது 4 செ.மீ. முன்னால் முடிய வேண்டும். நனைந்து காய்ந்த கறையின் முன்விளிம்பைப் பார்த்தால் எதுவரை தெறிக்கிறது என்று தெரிந்துவிடும். அங்கிருந்து இன்னும் 1 செ.மீ. உள்ளே வெட்டுங்கள். நடுவில் மட்டும் பிறை வடிவில் வெட்டினால் போதும், பக்கங்களின் அகலம் குறையாமல் இருந்தால்தான் பட்டி பிடித்து நிற்கும். பெண் நாய்க்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை என்பதால் பட்டியை இன்னும் நீளமாக விட்டு வயிற்றை நன்றாக மூடலாம்.

வெல்க்ரோ முடியைப் பிடிக்கிறது, அல்லது பிடிக்கவே மாட்டேன் என்கிறது

சொரசொரப்பான கொக்கிப் பக்கம் எப்போதும் நாயின் உடலுக்கு வெளிப்புறம் பார்த்து இருக்க வேண்டும். மார்பில் கீழே போகும் முனையின் மேல்முகத்தில் கொக்கி, மேலே வரும் முனையின் உள்முகத்தில் மென்மைப் பக்கம். பட்டிக்கும் அப்படியே. மென்மைப் பக்கத்தை 8 செ.மீ., கொக்கிப் பக்கத்தை 4 செ.மீ. என்று வெட்டினால் இறுக்கினாலும் தளர்த்தினாலும் கொக்கி முழுவதும் மூடியே இருக்கும். இரண்டையும் ஒரே நீளத்தில் வைத்தால் சற்றுத் தளர்த்தியதும் கொக்கி வெளியே எட்டிப் பார்க்கும். ஃப்ளீஸைக் கண்ட இடமெல்லாம் கிளறிப் பஞ்சாக்கும்.

மூலைகளை வட்டமாகக் கத்தரியுங்கள். கூர்மூலை முதலில் மேலெழும், பிறகு தோலைக் கீறும். ஓரத்திலிருந்து 2 மி.மீ. உள்ளே சுற்றித் தையுங்கள். பின்பக்கம் பசையுள்ள வெல்க்ரோவைத் தைக்க வேண்டாம். பசை ஊசியில் அப்பி நூலை அறுக்கும்.

பிடிப்பு குறைந்துவிட்டால் கொக்கிகளுக்குள் பாருங்கள். நாய்முடி, ஃப்ளீஸ் தூசு, நூல்பிசிறு எல்லாம் பாய் பின்னியது மாதிரி அடைந்திருக்கும். குண்டூசியால் வரிசை வரிசையாகக் கிளறி எடுத்து, கடினமான பல்துலக்கியால் தேயுங்கள். பல சமயம் புது வெல்க்ரோ தேவையே இருக்காது.

தையல் அலைஅலையாக வருகிறது, விட்டுவிட்டு விழுகிறது

அலை வந்தால் மிஷின் பாதம் துணியை அழுத்தி இழுக்கிறது. பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் குறையுங்கள், தையல் நீளத்தை 3 முதல் 3.5 மி.மீ. ஆக்குங்கள், கையால் பின்னாலிருந்து இழுக்காதீர்கள். வாக்கிங் ஃபுட் (மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் மிஷின் பாதம்) இருந்தால் பஞ்சு வைத்த கோட்டுக்கு அதுதான் பெரிய உதவி.

தையல் விட்டுப்போனால் ஊசியை மாற்றுங்கள். ஃப்ளீஸுக்கு 14-ஆம் நம்பர் பால்பாயின்ட், மெல்லிய ஃப்ளீஸுக்கு 12. கூர்முனை ஊசி பின்னல் துணியின் இழையைக் குத்தும். உருண்டை முனை இழைகளை விலக்கிக்கொண்டு இறங்கும். நீர்புகாத நைலானுக்கு இது பொருந்தாது, அதற்குக் கூர்முனைதான் வேண்டும்.

அடியில் நூல் கொத்தாகச் சுருண்டால் எல்லாரும் பாபினைத் திட்டுவார்கள். கோளாறு பெரும்பாலும் மேல்நூலில். பாதத்தைத் தூக்கி வைத்து மேல்நூலை முதலிலிருந்து மறுபடி கோத்துவிடுங்கள். பாதம் இறங்கியிருக்கும்போது டென்ஷன் தட்டுகள் இறுகியிருக்கும், நூல் அவற்றுக்கு நடுவே போய் உட்காராது.

தடித்த மடிப்பின்மேல் ஏறும் இடத்தில் மிஷின் திணறினால், பாதத்தின் பின்னால் அதே தடிமனுக்கு மடித்த துணித்துண்டை வைத்துப் பாதத்தைச் சமமாக்கி, கைச்சக்கரத்தைச் சுற்றிக் கடந்துவிடுங்கள். ஒரு கோட் முடிந்ததும் பாபின் அறையைத் திறந்து தூசு தட்டுங்கள். ஃப்ளீஸ் உதிர்க்கும் அளவுக்குச் சாதாரணக் காட்டன் உதிர்க்காது.

லைனிங் வெளியே எட்டிப் பார்க்கிறது, வளைவுகள் சுருங்குகின்றன

உள்ளே இருக்கும் துணி சுற்றி வர வேண்டிய தூரம் குறைவு. ஆகவே லைனிங்கைச் சுற்றிலும் 3 மி.மீ. சிறிதாக வெட்டி, தைக்கும்போது ஓரங்களை ஒன்றாகப் பிடித்துத் தையுங்கள். திருப்பியதும் வெளித்துணி இயல்பாக உள்ளே உருளும். ஏற்கெனவே தைத்துவிட்டிருந்தால் ஓரத்தை விரலால் உருட்டி, வெளித்துணி ஒரு மயிரிழை முன்னால் நிற்கும்படி கையால் ஓட்டுத் தையல் போட்டு, 5 மி.மீ. உள்ளே மேல்தையல் அடியுங்கள்.

வளைவு சுருங்கினால் திருப்புவதற்கு முன் வெட்டுக் கொடுக்கவில்லை. கழுத்து, கால் குழி போன்ற உள்வளைவில் நேர் வெட்டு. பின்மூலை போன்ற வெளிவளைவில் முக்கோணமாகத் துணியை எடுத்துவிட வேண்டும். வெட்டுக்கும் தையலுக்கும் நடுவே 2 மி.மீ. விடுங்கள்.

நீர்புகாத துணிதான், ஆனாலும் முதுகு நனைகிறது

ஒவ்வொரு ஊசித்துளையும் ஒரு ஓட்டை. முதுகின் நடுவே இணைப்புத் தையல் இருந்தால் மழையும் உருகும் பனியும் நேராக அங்கேதான் இறங்கும். முதுகுத் துண்டை ஒரே துண்டாக வெட்டுங்கள். பஞ்சை நிறுத்தக் கோடுகோடாகப் போடும் தையலை வெளித்துணியில் போடாமல், பஞ்சையும் லைனிங்கையும் மட்டும் சேர்த்துப் போடுங்கள். குண்டூசிக்குப் பதில் கிளிப். இந்தத் துணியில் பிரித்த தையலின் துளை மறையாது, ஆகவே வெட்டும் முன் பழைய துணியில் ஒத்திகை பார்ப்பது இங்கே கட்டாயம். தவிர்க்க முடியாத தையலுக்கு உள்பக்கப் பூச்சின்மேல் சீம் டேப் (தையலை மூடும் ஒட்டுப்பட்டி) ஒட்டுங்கள்.

கயிறு மாட்டும் காஜாவும் இப்படித்தான் ஒழுகும். ஹார்னஸ் (மார்பைச் சுற்றிக் கட்டும் வார்) வளையம் நிற்கும் இடத்தில் 3 செ.மீ. காஜா, அதன் உள்ளே இழுபடாத துணி ஒட்டு, மேலே எல்லாப் பக்கமும் 2 செ.மீ. தாண்டி மூடும் மடல். ஒட்டு வைக்காவிட்டால் நாய் இழுக்கும் இழுப்பில் காஜா வாய் பிளந்துவிடும்.

பஞ்சு வைத்தும் நடுங்குகிறது

கோட்டுக்குள் கைவிட்டுப் பாருங்கள். முதுகு வெதுவெதுப்பாகவும் மார்பும் வயிறும் சில்லென்றும் இருந்தால் மூட வேண்டியதை மூடவில்லை. குட்டைக்கால் நாயின் வயிறு தரையிலிருந்து ஒரு சாண்கூட உயரமில்லை. குளிரும் ஈரமும் அங்கிருந்துதான் ஏறும். பட்டியை அகலமாக்கி அதற்கும் லைனிங் கொடுங்கள்.

பஞ்சு சூடு தருவதில்லை, தனக்குள் காற்றைப் பிடித்து வைத்து உடல் சூடு வெளியேறாமல் காக்கிறது. கோட் இறுகினால் பஞ்சு நசுங்கிக் காற்று தங்கும் இடம் இல்லாமல் போய்விடும். 2 செ.மீ. இடைவெளியில் நெருக்கமாகக் கோடுகோடாகத் தையல் போட்டாலும் இதேதான். 5 முதல் 7 செ.மீ. இடைவெளி விடுங்கள். பருத்திப் பஞ்சு நனைந்தால் ஈரத்தை விடாது, பாலியெஸ்டர் பஞ்சே போடுங்கள். கோட் நனைந்துவிட்டால் வீட்டுக்கு வந்ததும் கழற்றி நாயைத் துவட்டுங்கள்.

துவைத்த பிறகு

லைனிங் சுருங்கிக் கோட் உள்பக்கம் வளைந்தால், காட்டனை வெட்டுவதற்கு முன் துவைக்கவில்லை. சற்றுத்தான் என்றால் ஈரத்தோடு இழுத்து விரித்துக் காயவைக்கலாம். அதிகமென்றால் கீழோரத்தைப் பிரித்து லைனிங்கைத் தளர்த்தித் தைக்க வேண்டும். வெல்க்ரோவை ஒட்டி மூடிவிட்டு, கோட்டை உள்புறம் வெளியே திருப்பி, வெதுவெதுப்பான அல்லது குளிர்ந்த நீரில் துவையுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம், வெளித்துணியின் நீர்விலக்கும் தன்மையைக் கெடுக்கும். ஃப்ளீஸின்மேல் இஸ்திரிப் பெட்டி வைத்தால் இழை உருகி மினுக்கும், அந்தத் தழும்பு போகாது.

கழற்றும்போது சடசடவென்று பொறி பறந்து நாய் துள்ளினால், பாலியெஸ்டரும் நைலானும் வறண்ட குளிர்காற்றில் முடியோடு உரசுகின்றன. உள்துணியைக் காட்டனுக்கு மாற்றினால் பெரும்பாலும் அடங்கும். அதுவரை கழற்றுவதற்கு முன் ஈரக்கையால் கோட்டின் உள்பக்கத்தை ஒருமுறை தடவிவிட்டு, தலைவழியாக உருவாமல் வெல்க்ரோ இரண்டையும் திறந்து முதுகிலிருந்து மேலே தூக்கி எடுங்கள்.